ஹீத்ரோ டெர்மினல் 5: லவுஞ்சிலிருந்து பி, சி கேட்டுக்கு எப்போது கிளம்ப வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் ஹீத்ரோவின் டெர்மினல் 5 வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களும், டொரன்டோ, நியூயார்க் பக்கமிருந்து வந்து அங்கே விமானம் மாறுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வேலை நிமித்தமாக வருடத்துக்கு நாலைந்து முறையாவது அந்த வழியில் போய்வருகிறவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் அடித்து அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அந்த டெர்மினலில் பெரும்பாலும் பறப்பது பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்பதால் பதில்களும் அந்தப் பயணிகளை மனதில் வைத்தே.

லவுஞ்சும் கேட்டும் ஒரே டெர்மினல்தானே? அப்புறம் என்ன பெரிய தூரம்?

ஒரே டெர்மினல்தான், ஆனால் மூன்று கட்டடங்கள். இதுதான் முதல் தடவை போகிற யாருக்கும் தெரியாத விஷயம். செக்-இன், பாதுகாப்புச் சோதனை, கடைகள், பெரும்பாலான லவுஞ்ச்கள் (சோபா, சாப்பாட்டோடு இருக்கும் ஓய்வறைகள்) எல்லாம் ஏ என்கிற பெரிய கட்டடத்தில். அதற்குக் கிழக்கே தள்ளி பி, அதற்கும் அப்பால் சி. 2008 மார்ச்சில் டெர்மினல் திறந்தபோது ஏ, பி இரண்டும்தான் இருந்தன. சி 2011-ல் வந்து சேர்ந்தது. ஏ-க்கும் பி-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் விமானங்கள் ஊர்ந்து போய்வருகிற தார்த்தளம். அதனால் தரைக்கு மேலே நடந்து போக வழியே இல்லை. கீழே இறங்கி, சுரங்கத்தில் ரயில் ஏறி, மறுபடி மேலே வர வேண்டும். லவுஞ்ச் ஜன்னலிலிருந்து பார்த்தால் பி கட்டடம் எதிர்வீடு மாதிரித் தெரியும். அந்தக் காட்சியை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

என் கேட் எந்தக் கட்டடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தே சொல்லிவிடும். எழுத்தைக் கவனிக்காவிட்டாலும் எண்ணை வைத்துச் சொல்லலாம்: முப்பது, நாற்பதுகளில் வந்தால் பி, ஐம்பது, அறுபதுகளில் வந்தால் சி, அதற்குக் கீழே எல்லாம் ஏ. பெரியவர்களை அனுப்பும்போது இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். "கேட் ஐம்பத்தி நாலு" என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏ கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தேடி நடந்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

சென்னை விமானம் வழக்கமாக எங்கிருந்து கிளம்பும்?

நிரந்தரமாக ஒரு கேட் கிடையாது. ஆனால் சென்னைக்குப் போவது அகல உடல் கொண்ட பெரிய விமானம். அந்த மாதிரி விமானங்கள் அதிகமாக நிற்பது பி, சி பக்கம்தான். ஐரோப்பாவுக்குள் பறக்கிற சின்ன விமானங்கள் பெரும்பாலும் ஏ-யில். சில நாள் சென்னை விமானமும் ஏ-யிலேயே வந்து நிற்கும், அன்றைக்கு உங்களுக்கு லாட்டரி. திட்டம் போடும்போது மட்டும் சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏ வந்தால் மிச்ச நேரத்தில் இன்னொரு காபி.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள்: லவுஞ்சை விட்டு எப்போது எழ வேண்டும்?

சி கேட் என்றால் விமானம் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். பி என்றால் ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். ஏ-யிலேயே என்றால் நாற்பது போதும்.

"இவ்வளவு எதற்கு, ரயில் இரண்டு நிமிடம்தானே" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். போர்டிங் பாஸில் போட்டிருப்பது விமானம் நகரும் நேரம், கேட் மூடுவது அதற்கு 20 நிமிடம் முன்னால். நம்மூர்ப் பத்திரிகையில் "காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்" என்று முகூர்த்தம் போட்டிருந்தால் ஏழு இருபத்தைந்துக்குப் பட்டுப்புடவை சரசரக்க மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தாலி கட்டியதைப் பார்க்கக் கிடைக்காது, பந்தியாவது கிடைக்கும். இங்கே அதுவும் கிடையாது.

ஆக 12.40 விமானம் என்றால் கேட் 12.20-க்கு மூடிவிடும். உங்கள் நேரம் 12.20, டிக்கெட்டில் இருக்கிற 12.40 இல்லை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். லவுஞ்சில் பையை எடுத்து, கழிவறைக்குப் போய்விட்டு வெளியே வர ஐந்து நிமிடம்; அது என்னவோ ஐந்து நிமிடத்துக்குக் குறைந்து யாராலும் ஒரு லவுஞ்சை விட்டு வெளியேற முடிந்ததில்லை. அங்கிருந்து கடைகளுக்கு நடுவே ரயிலுக்கு இறங்கும் இடம் வரை, லவுஞ்ச் எந்தக் கோடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, மூன்றிலிருந்து ஏழு நிமிடம். எஸ்கலேட்டர் இறக்கம் இரண்டு. ரயிலுக்குக் காத்திருப்பு இரண்டு மூன்று. சி வரை பயணம் மூன்று நாலு. மறுபடி ஏற்றம் இரண்டு. மேலே வந்தபின் உங்கள் கேட் கோடியில் இருந்தால் இன்னும் ஐந்து. கூட்டினால் இருபதைத் தாண்டி முப்பதை எட்டிப் பார்க்கிறது. அதுவும் ஆரோக்கியமான ஆள், ஒரு கைப்பை, குழந்தை இல்லை என்ற கணக்கில். மிச்சமிருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிம்மதிக்கு. நீங்கள் அதை வேறு எதற்காவது செலவழித்தால் அது உங்கள் இஷ்டம்.

லவுஞ்சில் அறிவிப்பு செய்து கூப்பிடுவார்கள்தானே?

மாட்டார்கள். சுவரில் திரை இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. அமைதியாக இருப்பதற்குத்தான் லவுஞ்ச், அதனால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அங்கே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன், சென்னைக்குத் திரும்பும்போது, நல்ல சோபாவாகப் பார்த்து உட்கார்ந்து, சித்தியிடம் போனில் பேச ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். யார் வருகிறார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள் என்று கதை நீண்டுவிட்டது. நடுவில் ஒருதரம் நிமிர்ந்தேன், திரையில் சி என்று ஏதோ எண். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கதைக்குள் போய்விட்டேன். அடுத்து நிமிர்ந்தபோது என் விமானத்துக்கு நேரே எழுத்தின் நிறமே மாறியிருந்தது, இறுதி அழைப்பு. "சித்தி, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி முடித்தேனா என்றே ஞாபகம் இல்லை. பையின் ஒரு சக்கரம் வேறு அன்றைக்குத்தான் முறுக்கிக்கொண்டது. ரயிலில் நின்றபடி கதவுக்கு மேலே இருந்த விளக்கையே முறைத்துக்கொண்டு போனேன், முறைத்தால் வேகமாகப் போகும் என்பது போல. கேட்டில் எனக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. ஊழியப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பாஸை வாங்கி ஸ்கேன் செய்தார். அந்த மௌனத்துக்கு அவர் திட்டியிருக்கலாம். தப்பு முழுக்க என்னுடையது, சித்தியுடையதுகூட இல்லை.

அன்றிலிருந்து போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். விமான நிறுவனத்தின் செயலியும் கேட் எண் வந்ததும் தகவல் அனுப்பும். ஆனால் போனை ஒலியடக்கி வைத்திருப்போம், அதையும் நம்பி இருக்க முடியாது.

கேட் எண் எத்தனை மணி நேரம் முன்னால் தெரியும்?

மணி நேரம் எல்லாம் இல்லை. பெரும்பாலும் கிளம்ப ஒரு மணி நேரம், அதற்குச் சற்று முன்பின் என்ற அளவில்தான் திரையில் வரும். அதுவரை "இத்தனை மணிக்குக் கேட் விவரம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதற்கு முன்பே சாப்பாடு, கழிவறை, சார்ஜர் சுருட்டுதல் எல்லாம் முடிந்திருந்தால், எண் வந்ததும் எழுந்து நடக்க வேண்டியதுதான் பாக்கி. எண் வந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பரிமாறும் மேசைக்குப் போகிறவர்கள்தான் பின்னால் ஓடுகிறார்கள்.

வழியை விளக்க முடியுமா? பலகைகள் குழப்புமா?

குழப்பாது. மஞ்சள் பலகையில் பி, சி என்று கறுப்பில் பெரிதாக இருக்கும், அதைப் பின்தொடருங்கள். கடைகளின் நடுப்பகுதியிலிருந்து எஸ்கலேட்டர்கள் கீழே இறங்கும். நீளமான எஸ்கலேட்டர், முதல் தடவை பார்ப்பவருக்கு "இன்னுமா?" என்றிருக்கும். இறங்க இறங்க கடைச் சத்தம், வாசனைத் திரவிய நெடி எல்லாம் மேலேயே நின்றுவிடும். கீழே சாம்பல் நிறத்தில், குளிர்ச்சியாக, மெட்ரோ நிலையம் மாதிரி ஓர் இடம். தண்டவாளம் கண்ணில் படாதபடி கண்ணாடிச் சுவர், அதில் கதவுகள். ரயில் வந்து நின்றதும் கண்ணாடிக் கதவும் ரயில் கதவும் சேர்ந்து திறக்கும். ஓட்டுநர் கிடையாது. உட்கார இடம் தேடாதீர்கள், கம்பியைப் பிடித்து நில்லுங்கள், கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டும். கையில் காபியோடு ஏறியவர் சட்டையில் நான் அதன் விளைவைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நிறுத்தம் பி, அடுத்தது சி. இங்கேதான் கவனம் வேண்டும். பி-யில் பாதிப் பேர் இறங்குவார்கள், அந்த அலையோடு சேர்ந்து சி பயணிகளும் இறங்கிவிடுவதுண்டு. இறங்கிவிட்டால் பதறாதீர்கள், மேலே ஏறாமல் அதே நடைமேடையிலேயே நின்று அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: பிரிட்டனை விட்டுப் புறப்படுகிறவர்களுக்குக் குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தும் வரிசை கிடையாது. பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே வந்துவிட்டால் கேட் வரை வேறு சோதனை இல்லை. சென்னையில் அந்த வரிசைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

ரயில் வேண்டாம், நடந்து போக முடியுமா?

முடியும். ரயில் ஓடும் அதே ஆழத்தில் பக்கவாட்டில் ஒரு நடைசுரங்கம் இருக்கிறது, நகரும் நடைபாதைகளோடு. பலருக்குத் தெரியாது, பலகைகளும் அதை அவ்வளவாக விளம்பரப்படுத்துவதில்லை. பத்து மணி நேரம் உட்காரப் போகிறோமே, கால் கொஞ்சம் நீளட்டும் என்று நான் பி வரை அதில்தான் போவேன். ஆளரவமே இருக்காது. சக்கரப் பை உருளும் சத்தம் மட்டும் கூடவே வரும். சி வரைக்கும் நடப்பது நேரம் தாராளமாக இருந்தால் மட்டும். ரயில் பழுதாகி நின்றாலும் இந்தச் சுரங்கம்தான் கைகொடுக்கும். அப்போது ஊழியர்கள் நின்று வழிகாட்டுவார்கள்.

பி கட்டடத்திலும் ஒரு லவுஞ்ச் இருக்கிறதாமே? நேரே அங்கே போய்விடலாமா?

என்னைக் கேட்டால், சென்னை விமானத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏ-யில் தெற்குக் கோடியில் சில லவுஞ்ச்கள் சேர்ந்தாற்போல், வடக்குக் கோடியில் ஒன்று, பி-யில் ஒன்று. சி-யில் கிடையாது. ஏ-யில் இருப்பவை காலை வேளைகளில் நம்மூர் சரவண பவன் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். பி லவுஞ்ச் சின்னது, ஆனால் கூட்டம் குறைவு, எதிரே விமானங்கள் நிற்பதும் நகர்வதும் நன்றாகத் தெரியும். உங்கள் கேட் பி என்றால் லவுஞ்சிலிருந்து நடந்தே போய்விடலாம். சி என்றால் கீழே இறங்கி ஒரே ஒரு நிறுத்தம். இரண்டு வகையிலும் பாதி தூரத்தை முன்பே கடந்துவிட்டீர்கள்.

ஆபத்து ஒன்றுதான்: அன்றைக்கு என்று விமானம் ஏ-யிலிருந்து கிளம்பினால். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பிசினஸ் வகுப்பு டிக்கெட்டோ, விமான நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினர் அட்டையோ இல்லாமல், கிரெடிட் கார்டு, பிரயாரிட்டி பாஸ் (தனியார் லவுஞ்ச் உறுப்பினர் அட்டை) வழியாக லவுஞ்ச் போகிறவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. அந்த வகை லவுஞ்ச்கள் ஏ-யில்தான். நீங்கள் முழுக் கணக்கும் போட்டே ஆக வேண்டும்.

பி, சி போன பிறகு ஏ-க்குத் திரும்பி வரலாமா?

ரயிலுக்கு இறங்கும் முன் இருக்கும் பலகை, திரும்ப முடியாது என்ற தொனியில்தான் எச்சரிக்கும். சாதாரணப் பயணி அதை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது: கடையில் எதையோ மறந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்ற எண்ணமெல்லாம் வேண்டாம். கேட் மாறிவிட்டது என்றால் மட்டும் அருகில் இருக்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிக் கேளுங்கள், லிஃப்ட் வழியாகக் கீழே அனுப்பி வழி சொல்வார்கள். நீங்களாகக் கதவு கதவாகத் தள்ளிப் பார்க்காதீர்கள். வந்திறங்கும் பயணிகளின் பாதையில் போய் மாட்டிக்கொண்டால் அது வேறு கதை.

அம்மா, அப்பா தனியாக வருகிறார்கள். இந்த எஸ்கலேட்டர், ரயில் எல்லாம் சமாளிப்பார்களா?

சமாளிப்பார்கள், ஆனால் ஏன் சமாளிக்க வைக்க வேண்டும்? வீல்சேர் உதவிக்குப் பதிவு செய்யுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும், கட்டணம் கிடையாது. நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும்தான் என்று இல்லை. "நீண்ட தூரம் நடக்க முடியாது, படி ஏற முடியாது" என்பதும் ஒரு வகை, அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இதில் பெரிய தடை அப்பாக்கள்தான். "நான் என்ன நோயாளியா?" என்று ஆரம்பிப்பார். என் அப்பாவை "அம்மாவுக்காகத்தான் போட்டிருக்கு, நீங்க கூடப் போங்க" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். அம்மாவிடம் "அப்பாவுக்காக" என்று சொல்லியிருந்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் தியாகம் செய்தபடி ஜம்மென்று உட்கார்ந்து போனார்கள்.

எஸ்கலேட்டரில் முதல் காலை வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு, அதிலும் புடவை கட்டிய அம்மாக்கள். அந்த நீள எஸ்கலேட்டரில் அந்தத் தயக்கம் வேண்டவே வேண்டாம். லிஃப்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, நேரே ரயில் நடைமேடைக்கே இறங்கும். வீல்சேர் பதிவு இல்லாவிட்டாலும் லிஃப்டைத் தேடச் சொல்லுங்கள்.

உதவியாளர் லவுஞ்சில் கொண்டுவந்து விட்டுப் போனால், எத்தனை மணிக்குத் திரும்ப வருவார் என்பதை உடனே கேட்டு, லவுஞ்ச் வரவேற்பு மேசையிலும் சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரம் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியும் ஆள் வராவிட்டால் எழுந்து போய்க் கேட்கச் சொல்லுங்கள். நம் பெரியவர்களுக்குக் கேட்கக் கூச்சம், "வருவாங்க, வருவாங்க" என்று உட்கார்ந்திருப்பார்கள்.

மறதி நோய், பதற்றம், காது மந்தம் போன்ற வெளியே தெரியாத சிரமங்கள் இருந்தால் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சை நிறக் கழுத்துப்பட்டையை ஹீத்ரோவில் இலவசமாகத் தருகிறார்கள். அதைப் போட்டிருந்தால் ஊழியர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள்.

கைக்குழந்தை, தள்ளுவண்டி?

தள்ளுவண்டியை விமான வாசல் வரை கொண்டுபோகலாம். எஸ்கலேட்டர் வேண்டாம், லிஃப்ட். மேலே சொன்ன நேரத்தோடு பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். டயப்பரை லவுஞ்சிலேயே மாற்றிவிடுங்கள். ரயிலுக்கு இறங்கிய பிறகுதான் குழந்தை வேலையைக் காட்டும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

டெர்மினல் 3-ல் வந்து இறங்கி 5-க்கு மாறுகிறேன். லவுஞ்சுக்கு நேரம் இருக்குமா?

இடையில் மூன்று மணி நேரம் இருந்தால் இருக்கும். இரண்டு என்றால் ஒரு டீ. ஒன்றரை என்றால் லவுஞ்சை மறந்துவிடுங்கள். ஊதா நிறப் பலகைகளைப் பின்தொடர்ந்து போனால் டெர்மினல்களுக்கு இடையே ஓடும் இலவச பஸ் வரும். அந்த பஸ் ஓடுபாதை ஓரமாகச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேரும்போது அரை விமான நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். இறங்கியதும் 5-ல் மறுபடி பாதுகாப்புச் சோதனை.  அதெல்லாம் முடிந்து உள்ளே வந்தபின் மிச்சம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவு என்றால் நேரே கேட் பக்கம் போவதுதான் சரி.

கேட்டுக்குப் போனால் அங்கே விமானமே இல்லை, பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். இது என்ன?

சில விமானங்கள் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நிற்கும். கேட்டில் பாஸ் ஸ்கேன் செய்து கீழே இறங்கி பஸ்ஸில் போக வேண்டும். அதற்காகக் கேட் மூடும் நேரம் மாறாது. குளிர்காலத்தில் கோட்டை லவுஞ்சிலேயே பைக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கேட் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தால்? விமானம் கண்ணெதிரே நிற்குமே!

நிற்கும். ஏற்ற மாட்டார்கள். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று அர்த்தமில்லை. கதவை மூடுவது, எடைக் கணக்கை முடிப்பது, இழுவை வண்டி மாட்டுவது எல்லாம் அந்த 20 நிமிடத்தில்தான் நடக்கிறது. நீங்கள் வரவில்லை என்றால் நீங்கள் போட்ட பெட்டியையும் தேடி இறக்க வேண்டும், ஆளில்லாமல் பெட்டி மட்டும் பறக்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. பெட்டியை இறக்கவே நேரம் ஆகும் என்பதால் நமக்காகக் காத்திருப்பார்கள் என்று ஒரு நண்பர் வாதாடுவார். அந்தத் தர்க்கத்தை நம்பி நான் எழாமல் உட்காரத் தயாரில்லை.

தவறவிட்டால் கேட் ஊழியரோடு சண்டை போடுவதில் பலன் இல்லை. அடுத்த விமானத்துக்கு மாற்றித் தரும்படி விமான நிறுவனத்தின் உதவி மேசையில் கேளுங்கள், அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செயலியிலும் பாருங்கள். நம் தாமதம் என்றால் பணம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

லவுஞ்சிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கொண்டுபோகலாமா?

தண்ணீர் தாராளமாக. பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், கேட்டில் மறுபடி சோதனை இல்லாததால் யாரும் பிடுங்க மாட்டார்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொள்வது முறையில்லை. ஒரு வாழைப்பழத்துக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சி-யில் கடைகள் ஏ அளவுக்குக் கிடையாது, ஊருக்கு வாங்க வேண்டிய சாக்லேட்டை ஏ-யிலேயே முடித்துவிடுங்கள். புகைபிடிக்க இடம் உள்ளே எங்குமே இல்லை.

சரி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. கேட்டில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் இரண்டும் கையில். இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) அல்லது விசாத் தாளையும் வெளியே எடுத்து வையுங்கள். இந்தியா போகும் விமானங்களில் அதைக் கேட்டுப் பார்ப்பார்கள், வரிசை நகரும் நேரத்தில் பையைக் குடைந்தால் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு கேட்கும். போர்டிங் பாஸில் குழு எண் இருக்கும், அந்த எண்ணைக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்கலாம். நம் ஆட்கள் முதல் குழுவைக் கூப்பிடும்போதே எழுந்து ஒரு வட்டம் போட்டு நின்றுவிடுவார்கள். உண்மையில் முன்னால் கூப்பிட வேண்டியவர்களுக்கு அந்த வட்டத்தை ஊடுருவி வருவதுதான் சிரமம். உங்கள் பெரியவர்கள் முன்கூட்டியே ஏற வேண்டும் என்றால் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்காமல், மேசை அருகிலிருக்கும் நாற்காலிகளில் போய் உட்காரச் சொல்லுங்கள், ஊழியர் கண்ணில் படுகிற மாதிரி.